பஸ்ரியன் சூட்டும் இலைக்கிரீடம்

பஸ்ரியன் அண்ணை அச்சுப்படம் வெட்டுகிற லினோலியத் துண்டின்மேல் பழைய சாரத்தைப் போட்டு இஸ்திரிப்பெட்டியால் தேய்க்கிறார். சூடேறினால்தான் உளிக்கு இணங்குமாம். "என்ர அயனைத் திரும்ப எடுத்திட்டியளோ?" என்று மேலேயிருந்து மனைவி யூஜினி கத்துகிறார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் அந்த பேஸ்மென்ற் சனிக்கிழமைகளில் இப்படித்தான்.

கிழமை நாட்களில் அண்ணைக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையில் கல்வெட்டு வேலை. இறந்தவருக்காக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். பாட்டு நான் எழுதுவேன். முகப்புப் படம் அண்ணை வெட்டுவார்.

சுவர் முழுக்க நானூறு வருடப் பழமையான ஐரோப்பிய அச்சுப்படங்களின் பிரதிகள். படங்களில் இருப்பவர் எல்லாரும் ஓவியர்கள். தலையில் இலைக்கிரீடம், தோளில் போர்வை, கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தது போன்ற மிடுக்கு. "உவங்களை முந்திக் கூலிக்காரர் எண்டுதான் வைச்சிருந்தவை. உந்தப் படங்கள் ஊரூராய்ப் போனாப் பிறகுதான் சனம் மதிச்சது" என்பார். தொடங்கினாரென்றால் தேத்தண்ணி ஆறிவிடும்.

இந்தப் பித்தோடு கமலாம்பிகை அன்ரியிடம் மாட்டிக்கொண்டார். அன்ரியின் காலமான கணவர் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் நாடகங்களுக்குச் சீன் திரைகள் கீறியவர். இங்கே வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடித்தவர். அவர் கோட்டுப் போட்ட படமொன்றை அன்ரி கொடுத்து, "கணக்காளர் எண்டு போடுங்கோ. பெயின்ரர் எண்டால் எங்கட சனம் ஒரு மாதிரிப் பாக்கும். மகளுக்கும் கலியாணம் பேசுறம்" என்றிருந்தார்.

அண்ணை கேட்டால்தானே! கோட்டைக் கழற்றி, கிரீடம் சூட்டி, கையில் தூரிகையும் கொடுத்து வெட்டிவிட்டார்.

அன்ரி வந்து அச்சுப்படத்தைப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டுக் கோட்டைக் கழட்டினனீங்கள்?"

அன்ரியின் பார்வை தூரிகை பிடித்த கையில் நின்றது. "சின்ன விரலை உப்பிடித்தான் தள்ளி வைச்சிருப்பார்..." நெடுநேரம் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்தார். "தூரிகை இருக்கட்டும். பெயின்ரர் எண்டே போடுங்கோ. உந்த இலையளை மட்டும் எடுத்துவிடுங்கோ. தொப்பி வைச்சாலே அந்தாளுக்குத் தலையிடி வரும்."

வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது; இலைகளைச் சீவித்தான் எடுக்கலாம். தன் கிரீடத்துக்காக யாரோடும் மல்லுக்கு நிற்கிற மனிதர், உடனே உளியை எடுத்து இலை இலையாகச் சீவினார். தூளை ஊதி, மை பூசி, மறுபடி அச்செடுத்தார். சீவிய இடமெல்லாம் மை ஒட்டாமல் வெள்ளையாக விழுந்து, தில்லையம்பலத்தாருக்கு நரை வந்திருந்தது.

மை காயாத அந்தத் தலையை அன்ரி விரல்களால் கோதிவிட்டார். அண்ணை தடுக்கவில்லை.