டயர் ஓரத்து முடி

அப்பா வண்டியோடு விழுந்த அன்று பெரிய மழை ஒன்றும் பெய்யவில்லை. பெரிய மழையாக இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று மாமா பிறகு சொன்னார். பல நாள் வெயிலில் காய்ந்த சாலையில் லாரிகள் சொட்டிவிட்டுப் போன எண்ணெய் படிந்திருக்குமாம். முதல் தூறல் அதைக் கழுவாது, கிளப்பி மட்டும் விடுமாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் சாலைக்குத் திரும்புகிற வளைவில் பின்சக்கரம் ஒரு பக்கம் போக, அப்பா இன்னொரு பக்கம் போனார். பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர் சரியான நேரத்தில் பிரேக் போட்டதால்தான் நான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

நிதானமாக என்று எழுதிவிட்டேன். என் மகள் அவள் அப்பாவோடு பைக்கில் பள்ளிக்குப் போயிருக்கிறாள். வெளியே மேகம் கறுத்திருக்கிறது. இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பால்கனிக்குப் போய் வந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் மண்ணூரில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. தம்பி இடுப்பில் இருக்கிற வயது. அப்பாவுக்கு ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ் நிரந்தரக்காரர்களுக்கு மட்டும்தான். ஆகவே எங்கள் வீட்டில் வண்டி இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் மற்றதெல்லாம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாத காலைகளில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையில் தோல் போயிருந்தது, மணிக்கட்டு வீங்கியிருந்தது. அது ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டிய விதம் வேறு. கால்களை மேலே வைக்காமல் தரையை ஒட்டித் தொங்கவிட்டபடியே போவார். தெருமுனைத் திருப்பத்திலேயே வண்டி ஏறக்குறைய நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அதுவரை சைக்கிள்காரர்களைக் கேலி செய்துகொண்டிருந்தவர் அப்பா. இப்போது சைக்கிள்கள் அவரை முந்தின. ஷிப்டுக்குத் தாமதமாகப் போனார். சில நாள் நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே திரும்பி வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைனில் வேறு ஆளை நிறுத்திவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார் என்று அம்மா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. நான் அவரை மாமா என்பேன், அவர் என் அப்பாவை மாமா என்பார். யாருக்கு யார் மாமா என்பதில் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹைவே ஓரத்து டயர் கடை ஒன்றில் அவருக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அப்பாவையும் அங்கே வரச்சொன்னார். பின்டயரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இன்னா மாமா இது, கருங்கல்ல மாட்டிகினு ஓட்றியா?"

அப்பா அந்த டயரை விரும்பித்தான் வாங்கியிருந்தார். வருஷக்கணக்கில் ஓட்டினாலும் தேயாது என்று கடைக்காரர் சொன்னதும் வேறு எதையும் பார்க்கவில்லையாம். எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் வாங்குவோம். தேயாத செருப்பு, கிழியாத பை, நான் வளர வளரப் பிரித்துவிடுவதற்கு மடிப்பு வைத்துத் தைத்த சீருடை.

"தேயாத டயரு ரோட்ட இன்னாத்துக்கு புடிக்கப் போவுது? தன்னக் கொஞ்சம் குடுத்தாத்தான் மாமா புடிப்பு கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். புது டயர் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் மழையில் காலை வாராது என்றார்.

எனக்கு அந்த டயரில் வேறொன்றுதான் கண்ணில் பட்டது. அதன் மேலெல்லாம் கறுப்பு ரப்பர் முடி, கம்பளிப்பூச்சிக்கு இருப்பது போல நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அதுவா? அது டயரோட வெரலு பாப்பா. ரோட்ட கெட்டியா புடிச்சிக்கும். உங்கப்பா இனிமே விழவே மாட்டாரு பாரு."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். ஏழு வயதில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. பல்லி சுவரில் நிற்கவில்லையா?

மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். புது டயரின் மேலே ஒரு வழவழப்பு இருக்கும், அது போகிற வரைக்கும் பார்த்து ஓட்டு என்று அப்பாவிடம் சொல்லிவைத்தார். தேயாவிட்டாலும் வழுக்கும், புதிதாக இருந்தாலும் வழுக்கும் என்றால் எப்போதுதான் வழுக்காது என்று நான் பயந்தேன். அப்பா வீடு வந்து சேரும் வரை வண்டியை நடைவேகத்தில்தான் ஓட்டினார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் வண்டியருகே உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்ப்பது என் வேலையாயிற்று. சில நாளிலேயே நடுவில் இருந்த முடி முழுக்கக் காணாமல் போய்விட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் முடி கொட்டுகிறது என்று சொன்னேன். அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துத் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாயால் சொன்னால் அப்பா விழுந்துவிடுவார் என்றும் ஒரு பயம்.

நல்லவேளையாக டயரின் இரண்டு ஓரத்திலும் முடி அப்படியே இருந்தது. நடுவில் போனாலும் ஓரத்து விரல்கள் பிடித்துக்கொள்ளும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தம்பி ஒருநாள் ஒன்றைப் பிடுங்கிவிட்டான். அவனை அறைந்தேன். அவன் அழுததைக் கேட்டு வந்த அம்மா என்னை அறைந்தாள். வலித்தது, ஆனாலும் வண்டியை விட்டு நான் நகரவில்லை.

அடுத்த முறை மாமா வந்தபோது பெருமையோடு அவருக்கு ஓரத்தைக் காட்டினேன். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மாமா, ஓரத்துல ஒரு முடிகூட தேயல. சாய்ச்சாத்தான ஓரம் ரோட்டுல படும்? வண்டிய சாய்க்கவே மாட்றியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

நேர் ரோட்டில்தானே போகிறேன் என்றார் அப்பா. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வளைவே கிடையாதா என்று மாமா கேட்டார். அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மாமா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"டயரு நல்லா புடிக்குதுக்கா. அவருதான் இன்னும் நம்பல."

எனக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, என்னைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் ஆட்டோ அண்ணனிடம் அம்மா இனி பாப்பா வரமாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். என் காதை மறைத்துத் துண்டைக் கட்டி, என்னைத் தூக்கிப் பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்காரவைத்தாள். அப்பா வேண்டாம் என்றார். அம்மா கேட்காதது போல என் பையைக் கொண்டுவந்து ஹாண்டிலில் மாட்டினாள். விழுந்து எழுந்த மனிதரோடு, இத்தனை நாள் ஆட்டோவில் பத்திரமாகப் போன பெண்ணை ஏன் அனுப்ப வேண்டும்? நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், தம்பியை அறைந்ததற்குத் தண்டனை என்றே நினைத்தேன்.

என் பள்ளி அந்த வளைவைத் தாண்டி ஒரகடம் சாலையில் இருந்தது. டேங்க்கின் மேல் உட்கார்ந்தால் சாலை நேராக வயிற்றுக்குள் வருவது போல் இருக்கும். இரண்டு பக்கமும் லாரிச் சக்கரங்கள் என்னைவிட உயரமாகச் சுழலும். அப்பா வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். நான் பயத்தில் நிறுத்தினால் தலைக்கு மேலிருந்து குரல் வரும். "சொல்லு பாப்பா. நிறுத்தாத, சொல்லிகினே வா." பரீட்சைக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். என் தோளின் இரண்டு பக்கமும் அவர் கைகள் விறைத்துப்போய் இருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் என்னை அழைத்துப்போக வரும் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பு, அப்பா இன்றைக்கு எப்படி ஓட்டினார் என்று கேட்பாள். மெதுவாக என்பேன்.

பிறகு ஒரு நாள் உண்மையான மழை பிடித்தது. அந்த வளைவுக்குள் நுழையும்போது எங்களுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றது. இடது பக்கம் சேறு. வலது பக்கம் சற்றுப் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி, ஹாரனை விடாமல் அடித்தபடி. நின்றால் லாரி மேலே வரும் என்று எனக்கே தெரிந்தது. அப்பா நிற்கவில்லை. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. ஈரச் சாலை என் முழங்காலைத் தொட வருவது போல் எழும்பி வந்தது. உடனே இடது பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். வழுக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது லாரி எங்களுக்குப் பின்னால் இருந்தது.

பள்ளி வாசலில் இறங்கியதும் நான் முதலில் குனிந்து டயரைப் பார்த்தேன். ஓரத்து முடியில் பாதி காணவில்லை. மீதி மடங்கிச் சேற்றோடு ஒட்டிக்கிடந்தது. எனக்கு அழுகை பீறிட்டது. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலைக்கிப் போவாதப்பா. முடி எல்லாம் போய்ட்ச்சிப்பா."

அவருக்குப் புரியவில்லை. நான் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். மழையில் நனைந்தபடி டயரின் ஓரத்தை விரலால் ஒருமுறை முழுக்கத் தடவினார். பிறகு சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிக்கிற விஷயமா இது என்று எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. என் முகத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு காலையும் மேலே வைத்து, பள்ளிக்கு அடுத்த திருப்பத்தில் வண்டியை நன்றாகச் சாய்த்து அவர் போனார். அவரைக் கடைசியாகப் பார்ப்பதாகவே நினைத்து வாசலில் நின்றேன்.

அன்றைய வகுப்பு எதுவும் நினைவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. மதியம் வாட்ச்மேன் தாத்தா வந்து டீச்சர் காதில் ஏதோ சொன்னார். எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டே எழுந்துவிட்டேன். அவர் வந்தது வேறொரு பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க. சாயங்காலம் அம்மா கேட்ட கேள்விக்கு, அப்பா வண்டியைச் சாய்த்தார், முடியெல்லாம் போய்விட்டது என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன். அம்மா பஸ் ஸ்டாப்பிலேயே தம்பியை இறக்கிவிட்டு, முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து நான் இன்னும் அழுதேன். அப்பா ஷிப்டு முடிந்து வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் என்னை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்கள். பள்ளி வாசலில் அழுது மானத்தை வாங்கியதற்காக என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு மழைக்காலையில், மகளை பைக்கில் கூட்டிப்போகக் கூடாது என்று என் கணவரோடு சண்டை போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம், நீ மட்டும் எப்படி என்னை அந்த டேங்க்கின் மேல் ஏற்றிவிட்டாய் என்று அந்தக் கோபத்திலேயே கேட்டுவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்கப்பா அப்பல்லாம் வளைவு வரைக்கும் போயிட்டு டீக்கடைல ஒக்காந்துகினு இருந்துட்டு, லேட்டாயிட்ச்சின்னு வூட்டுக்கு வந்துடுவாரு. ஒன்ன ஏத்தி உட்டா ஸ்கூலு வரைக்கும் போய்த்தான ஆவணும்? வளைவத் தாண்டிட்டா அப்பறம் கம்பெனிக்கிப் போயிடுவாரு."

"விழுந்திருந்தா?"

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒன்ன வச்சிகினு அவரு விழ மாட்டாருடி" என்றாள். அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, அப்படித்தான் நினைத்தேன் என்றாள். நான் அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஏற்றிவிட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

அந்த மழைக்காலம் முழுக்க அப்பாவுக்காக டயரை நான் காவல் காத்தேன். அப்பாவுக்கே என்னைத்தான் காவலாக அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.