மறைத்து வைத்த அறுபத்து மூன்று படங்கள்

குடிநீர்க் குழாய் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவருக்குப் பொடியெழுத்து என்று பெயர். எந்தக் கோப்பில் கை வைத்தாலும் தேதி, மணி, நிமிடத்தோடு நோட்டில் பொடி எழுத்தில் குறித்துவிடுவார். முப்பத்தோரு வருடத்தில் பதினேழு நோட்டுகள்.

எதிர் மேசைக்காரருக்குப் பெயர் சுருக்கு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையெழுத்துப் போட்டதில் நான்கு நிமிடம் முந்தியவர் சுருக்கு. பொடியெழுத்தின் வயிற்றெரிச்சலுக்கும் அன்றுதான் பிறந்தநாள்.

வார்டுகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். தெருவாரியாகக் கணினியில் இருந்த பதினோராயிரத்து நானூறு குழாய்ப் படங்களுக்கும் பெயர் மாற்ற வேண்டும். பொடியெழுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மாற்றினார். ஒன்பது நாளில் எழுநூற்றிருபது. பத்தாம் நாள் சுருக்கு கணினிக்குக் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையைத் திறந்தார், பதினான்கு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார், ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். டீ ஆறுவதற்குள் மிச்சம் அத்தனையும் முடிந்துவிட்டது.

அன்று மாலை செய்தி பொடியெழுத்துக்கு முன்பே அவர் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்த அண்ணன் ஏதோ நாலு வரி எழுதினாராமே. நீங்க ஒம்பது நாளா என்னங்க பண்ணீங்க?" என்றாள் மனைவி.

"பதினாலு வரி," என்றார். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எட்டரை மணிக்கே போய்ப் பிழை தேடினார். கிடைத்தது. குழாய் போகும் இடத்தைத் தப்பாகக் காட்டும் பழைய படங்கள் அறுபத்து மூன்று உண்டு. எதையும் அழிக்கக் கூடாது என்பது விதி; அதனால் அவர் அவற்றை யார் கண்ணிலும் படாதபடி மறைத்து, பூட்டி வைத்திருந்தார். பூட்டிய கோப்பு பெயர் மாற மறுக்குமே என்று, சுருக்கின் ஸ்கிரிப்ட் முதலில் மறைப்பையும் பூட்டையும் கழற்றியிருந்தது. திரும்பப் போடவில்லை. அறுபத்து மூன்றும் இப்போது நல்ல படங்களோடு தோளுரசி நின்றன.

பொடியெழுத்துக்கு வயிறு குளிர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சுருக்கின் மானம் தானாகக் கப்பலேறும்.

ஒன்பது நாற்பதுக்கு மேஸ்திரி வந்து, அன்று தோண்டவிருந்த தெருவின் படத்தை அச்செடுத்தார். அதை மடிக்கும்போது பொடியெழுத்தின் கண்ணில் படத்தின் எண் பட்டது; வார்டு மாறினாலும் அது மாறாது. அறுபத்து மூன்றில் ஒன்று. படத்தில் வெறும் மண். நிஜத்தில் அங்கே ஆளைத் தூக்கி எறியும் அழுத்தத்தில் பெரிய குழாய். மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கப்போவது அதன் மேல்.

மேஸ்திரி படியிறங்கும்வரை அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. பிறகு செருப்புகூட மாட்டாமல் ஓடினார்.

"மேஸ்திரி, அந்தப் படம் தப்பு. குடுங்க இப்படி."

விஷயம் தெரிந்ததும் சுருக்கு பதினான்கு வரியையும் திறந்து பார்த்தார். எதெது மறைந்திருந்தது என்று ஸ்கிரிப்ட் குறித்துவைக்கவில்லை. பொடியெழுத்து அறுபத்து மூன்றையும் குறித்திருந்த பன்னிரண்டாவது நோட்டை எடுத்து அவர் மேசையில் போட்டார். சுருக்கு அந்த எண்களைத் தட்டிச் சேர்த்து, இன்னொரு ஸ்கிரிப்டை ஓடவிட்டார். எல்லாம் மறுபடி மறைந்து பூட்டிக்கொண்டன.

"உன் நோட்டு இல்லன்னா நான் தொலைஞ்சேன்டா."

ஒன்றாவது விட்டுப்போயிருக்காதா என்று பொடியெழுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மாலை ஐந்து பத்துக்கு முடித்தார். அறுபத்து மூன்றும் சரி. பதினேழாவது நோட்டில் தேதி, மணி, நிமிடம், எண்ணிக்கை எல்லாம் எழுதினார். சுருக்குக்கு ஓடவிட நாற்பது விநாடிதான் ஆயிற்று. அதை மட்டும் எழுதவில்லை.