தலை ஆடிய பிறகு

"அவன் தலை இன்னும் ஆடல. திரும்பச் சொல்லு," என்று சாக்குக்கட்டியால் மேசையைத் தட்டுகிறாள் தராசு. கட்டண உயர்வை எதிர்க்கும் பையன், அதை ஆதரிப்பவனின் வாதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொண்டு தலையாட்டும்படி சொன்ன பிறகுதான் மறுக்கலாம். பல்கலைக்கழகத்தின் புதன்கிழமை அரசியல் வகுப்பில் இருப்பது இந்த ஒரே சட்டம்.

வகுப்பை நடத்துபவள் பேராசிரியை அல்ல. புள்ளியியல் இறுதியாண்டு மாணவி. தராசு என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். இப்போது அதைச் சொல்லும்போதே குரலில் மரியாதை வந்துவிடுகிறது. ஒரு காதில்தான் தோடு இருக்கும். இன்னொன்று ஏதோ காரசாரமான விவாதத்தில் தொலைந்ததாம்.

வீட்டிலும் இதே பழக்கம்தான். கல்யாணப் பேச்சை எடுத்த அம்மாவிடம், அம்மாவின் கட்சியையே உருகி உருகி எடுத்துச் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு தெரிஞ்சவ அப்புறம் ஏன்டி மாட்டேங்கிற?" என்றாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

போன புதன்கிழமை மாணவர் நலப் பொறுப்பாளர் பூட்டும் கையுமாக வந்து நின்றார்.

"அரசியல்னா அடிதடியிலதான் முடியும். இன்னையோட இந்த வகுப்பு போதும்."

தராசுக்கு உடனே மறுக்கத்தான் தோன்றியது. மாணவர் தேர்தலில் நாற்காலியை வீசிக்கொண்ட இரண்டு அணிகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த அறை அது. அதை நினைத்தால் அவளுக்குப் பெருமை தாங்காது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"முதல்ல உங்க பக்கத்தைச் சொல்றேன் சார். அந்தத் தேர்தல்ல ஒரு பையன் மண்டை உடைஞ்சுது. ஆஸ்பத்திரியில அவங்க அம்மாவுக்கு நீங்கதான் பதில் சொன்னீங்க. இன்னொரு அம்மா முன்னாடி அப்படி நிக்க உங்களால முடியாது."

அவர் தலை தானாக ஆடியது.

"இப்ப எங்க பக்கத்தை நீங்க சொல்லுங்க."

"பேசிப் பெரியாளாகணும்னு ஆசைப்படறீங்க," என்றார். ஒரு தலையும் அசையவில்லை. "பொழுது போகணும்." அதற்கும் இல்லை. அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். அணித் தலைவர்கள் இருவரும் தோளோடு தோள் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் காது கொடுத்துக் கேக்கல," என்றார் மெதுவாக. "அதைத்தான் இங்க பழகுறீங்க."

அறை முழுவதும் தலை ஆடியது. கடைசியாகத் தராசின் தலையும்.

"இப்ப நீங்க மறுக்கலாம் சார்."

அவர் பூட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பெஞ்சில் இடம் தேடினார்.

"சரி, அடுத்தது யாரு?" என்றபடி தராசு அந்தப் பூட்டை எடுத்து, மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த தாள்களின்மேல் வைத்தாள்.