நாலு மூலை மஞ்சள்

கொள்ளிடத்தின் கரை உடைந்தது ஐப்பசியின் கடைசி வெள்ளிக்கிழமை, விடிந்து சற்று நேரத்தில். அப்பா அதைச் சனிக்கிழமை என்பார், அம்மா வியாழன் என்பாள். எனக்குச் சந்தேகமில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு, அன்றன்று நடந்ததை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அதற்குள் தொற்றியிருந்தது. தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது நான் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த நோட்டைத்தான். "அரிசிப் பானைய விட்டுட்டு நோட்டத் தூக்கியாந்திருக்கா பாரு, கலெக்டரு" என்று அம்மா பல நாள் திட்டினாள்.

வீட்டின் எழுத்துவேலை முழுவதும் என்னுடையது. சித்தப்பா ராணுவத்தில், வடக்கே பனிமலையில் இருந்தார். மாதம் ஒருமுறை அப்பா சொல்லச் சொல்ல அவருக்குக் கடிதம் எழுதுவேன். ஒட்டும் முன் நோட்டில் நகல் எடுத்துக்கொள்வேன். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒட்டிய கடிதத்தை வாங்கி, மஞ்சளை உரசி நாலு மூலையிலும் தொட்டு வைத்துத் திருப்பித் தருவாள். சாமி நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு மேட்டுத் தெருவில் இருந்ததால் இடுப்பளவுத் தண்ணீரோடு தப்பியது. சித்தப்பா முந்தைய விடுப்பில் தன் கையால் சுவர் வைத்துக் கட்டிய மண்வீடு தெருவின் கீழ்க்கோடியில் இருந்தது. மதியத்துக்குள் அது கரைந்து உட்கார்ந்துவிட்டது. ஊரே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டியது. மூன்றாம் நாள் சித்தியின் ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் சித்தப்பாவின் கடிதத்தைத் தபால்காரர் தேடிக் கொண்டுவந்தார். எல்லாரும் கேட்க நான் படித்தேன். அங்கே ஆள் உயரத்துக்குப் பனி. பாதை மூடிவிடும், மூடினாலும் தபால் எப்படியாவது வந்து சேரும், தான் சுகம் என்று எழுதியிருந்தார்.

"பாருய்யா, அங்க தண்ணி கல்லாக் கெடக்குதாம். இங்க நம்ம சொவரு தண்ணியாப் போச்சு" என்றார் ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர். நனைந்த ஜனங்கள் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

"மாமா, வூடு போனத எழுதச் சொல்லுங்க. புள்ளைக்கும் முடியல. ஒரு தடவ வந்துட்டுப் போவட்டும்."

அப்பா கல்நெஞ்சர் அல்ல. தம்பிமேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் மறுத்தார். "பனியில கெடக்குறவனுக்கு இதையும் எழுதி அனுப்புனா அவன் என்னம்மா பண்ணுவான்? நாங்க இல்லையா? நீ எழுது பாப்பா."

எழுதினேன். யாவரும் நலம். இவ்வருடம் மழைக்குக் குறைவில்லை. குழந்தை நன்றாக விளையாடுகிறது. என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக அமைந்தது.

ஒட்டிய கடிதத்தைச் சித்தி வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அப்படியே என்னிடம் நீட்டினாள். குழந்தையின் கவலையில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மஞ்சள் எங்கே என்று கேட்டு அவளைத் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை. தபாலாபீசுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் மஞ்சள் துண்டு கேட்டு வாங்கி, வாசல் கல்லில் உரசி, நாலு மூலையிலும் அளவாகத் தொட்டு வைத்துப் பெட்டியில் போட்டேன்.

தண்ணீர் வடிந்து ஊர் திரும்பினோம். சித்தி எங்களோடு தங்கினாள். அரியலூரிலிருந்து சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவாள்.

"யாரு சித்தி வராங்க?"

"யாருமில்ல பாப்பா. சும்மா காத்தாட நிக்கிறேன்."

மார்கழிப் பனியிலும் காத்தாட நின்றாள். குழந்தை ஊசி மருந்துகளால் பிழைத்தது. பொங்கல் கழிந்தபின் அவள் ரோட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

சித்தப்பா பங்குனியில் வந்தார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது என்றார். அதை அவரும் எழுதியிருக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்கார்ந்தார். சித்தி சோறு வைத்தாள், முகம் பார்க்கவில்லை. பின்கட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "நான் கூப்புட்டேங்க்கா. வரல."

என் காதில் அது விழுந்தது. சித்தி எப்போது கூப்பிட்டாள்? எல்லாக் கடிதங்களையும் எழுதியவள் நான். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து விரித்தேன்.

"பொய்யிம்மா. எந்தக் கடுதாசியிலயும் அப்புடி இல்ல. வேணும்னா பாரு!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பானையைக் கழுவப் போய்விட்டாள். அதன்பின் சித்தப்பாவும் சித்தியும் புது வீடு கட்டினார்கள், மேலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் அவர் எதைச் சொன்னாலும் அவள் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். விரல் போனதை மறைத்ததால் வந்த கோபம் என்றே சித்தப்பா நம்பினார்.

சித்தி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, அவர் என்னிடம் பழைய கடிதக் கட்டைக் காட்டினார்.

"எழுதுறது அண்ணன் பேச்சு. அதனால எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு இருந்துச்சும்மா. மஞ்ச இல்லாம வந்தா, எழுதியிருக்கறத நம்பாத, கெளம்பி வான்னு அர்த்தம். ஒரு தடவகூட அப்புடி வரல. வெரலு போன அன்னிக்குக்கூட இந்த மஞ்சளப் பாத்துட்டுத்தான் தூங்குனேன். அவ நல்லாருக்கான்னு."

மூலைகளில் கறை பழுப்பாக இருந்தது. கடிதத்தைக் கட்டுக்குள் செருகி அவரிடமே கொடுத்தேன். நான் செய்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று அம்மாவுக்கு விரித்துக் காட்டிய அதே பக்கத்தில், நகலுக்குக் கீழே, அழகான கையெழுத்தில் ஒரு வரி: "புதன். தபால் போட்டாயிற்று. சித்தி மறந்துபோன மஞ்சளை நானே வைத்தேன்."