திரைக்கு இரண்டு விரல் மேலே

என் மனைவி ஊடக உளவியலாளர். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களிடம், "மத்தவங்க டி.வி. பாக்கிறத இவ பாப்பா. அதுக்குச் சம்பளம் வேற" என்பேன். அவள் முறைப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வறை ஒரு வீட்டுக் கூடம் போலவே இருக்கும். சோபா, திரைச்சீலை, தொலைக்காட்சி. நடுப்பகலிலும் அங்கே நீல வெளிச்சம் மிதக்கும். நடுவே இருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சோபாவில் இருப்பவர் எப்போது சிரிக்கிறார், எப்போது திரையோடு பேசுகிறார் என்று பார்த்துப் பார்த்துத் தாளில் கோடு போடுவாள். அடுத்தவர் கனவுக்குக் காவல் இருப்பவள் மாதிரி தெரியும். எனக்கு அங்கே போனாலே தூக்கம் சொக்கும்.

தனியாக இருப்பவர்கள் திரையில் தினமும் வரும் ஒருவரை உறவாகவே நினைத்துக்கொள்கிறார்கள், அந்த முகம் மறைந்தால் வீட்டில் சாவு விழுந்தது போல ஒடிந்துபோகிறார்கள் என்பதுதான் அவள் பெயர் வாங்கிய ஆராய்ச்சி. அதில் முதலில் சிக்கியவர் என் மாமனார். மாமியார் போனபின் அவர் தனியாகத்தான் இருந்தார். அவர் வீட்டு டி.வி. தலைமேல் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி, "இது இருக்கிறதையே மறந்துடுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பதிவு தினமும் எங்கள் வீட்டுக் கணினிக்கு வந்துவிடும். அது கெடக்கூடாது என்று, சாயங்கால வேளையில் அந்த வீட்டில் கால் வைக்கவே மாட்டாள்.

ஏழு மணிச் செய்தியை மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் வாசிப்பாள். மாமனார் நிமிர்ந்து, "சாப்பிட்டியாம்மா? கண்ணுக்கு மருந்து போட்டியா?" என்பார். இவள் ஒரு கோடு போடுவாள். நான்கு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் கோடு. "உனக்கு ஒரு தங்கச்சி கெடச்சுட்டா" என்று சீண்டுவேன்.

போன மாதம் அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள். சேதி தெரிந்ததும் இவள் கோடு போடும் தாளை மூடி வைத்தாள்.

"அப்பா தாங்கமாட்டாருங்க. மூணே நாள்ல பேச்சு நின்னுடும்."

"போய்ப் பாரேன்."

"போனா பதிவு கெட்டுடும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "உனக்கு அப்பா முக்கியமா, ஆராய்ச்சி முக்கியமா?" என்று கேட்டேன். மூன்று நாள் பதிவைத் திறக்கவே பயந்தாள்.

நான்காம் நாள் நான்தான் வற்புறுத்தித் திறக்க வைத்தேன். செய்தி வாசித்தது கட்டைக் குரலில் ஓர் ஆண். மாமனார் நிமிர்ந்தார். "சாப்பிட்டியாம்மா? கண்ணுக்கு மருந்து போட்டியா?"

அந்த மனுஷனையா அம்மா என்கிறார் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். மாமனாரின் கண் திரையில் இல்லை. திரைக்கு இரண்டு விரல் மேலே, கேமராவுக்குள், நேராக எங்களைப் பார்த்தபடி இருந்தது. கேமராவை மறக்கச் சொன்னவள்தான் அதை மறந்திருந்தாள்.

"நாலஞ்சு வருஷமா கண் வலி எனக்குத்தாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே போனோம். ஏழு மணிக்குச் செய்தி ஆரம்பித்தது. சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. இவள் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா."

"இத்தனை நாள் கேட்டும் இப்பதான் வாயைத் திறக்கிற" என்றபடி, தட்டு எடுக்க எழுந்து போனார்.