இறுக்கி மூடிய டப்பா

தையல்காரிக்கு ஒரே மகள், நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வராவிட்டால் என்ன? மகளின் கண் போகிற திசையைப் பார்த்தே தண்ணீரா, பொம்மையா என்று கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பேச்சுப் பயிற்சிக்குப் போன மூன்றாம் மாதம் குழந்தை முதல்முதலாக, "தொற" என்றது. சொன்னது டீச்சரிடம். சோப்புக் குமிழி பாட்டிலை இறுக்கி மூடிக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த வேலை அவ்வளவுதான். தையல்காரிக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது முதல் பேச்சு யாரோ ஒருத்திக்கா?

"அவ கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க குடுத்துடறீங்கக்கா. அப்புறம் எதுக்குப் பேசணும் அவ?" என்றாள் டீச்சர். எரிச்சல் இரண்டு மடங்கானது.

அன்று சாயங்காலம் தையல்காரி பிஸ்கட் டப்பாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூடி மகளிடம் கொடுத்தாள். குழந்தை இழுத்துப் பார்த்தது, சிணுங்கியது, டப்பாவை நீட்டியது. பரபரத்த கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, தொற."

திறந்து ஒன்றைக் கொடுத்தாள். உடனே மறுபடி இறுக்கி மூடினாள்.

அடுத்த வாரம் டீச்சர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "வீட்டுல ஏதாவது பேசினாளாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றாள் தையல்காரி. டீச்சருக்குக் கிடைத்தது ஒரு வார்த்தை, தனக்கு இரண்டு. அதை எதற்கு இவளுக்குப் பங்கு வைக்க வேண்டும்?