றஞ்சி அக்கா வாங்கிக்கொண்ட மணிக்கூடு

றஞ்சி அக்காவின் சாவுச் செய்தி வந்தபோது நான் லண்டன் குட்மேய்ஸில் ஒரு சீனக் குடும்பத்துக்கு வீடு காட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டா" என்று அவருடைய மகன் அனுப்பியிருந்தான். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, குசினிக்குள் நல்ல வெளிச்சம் வரும் என்றேன். "வீடு காட்டேக்க சாவெண்ட சொல்லு வாயில வரப்படாது, தம்பி" என்று படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். அவருடைய சாவை வாய்க்குள் அடக்கிக்கொண்டு மாடியறைகளையும் காட்டி முடித்தேன்.

அவரோடு வேலை செய்து, இன்று இதை வாசிக்கும் உங்களுக்கு அவருடைய கோபம் தெரியும். ஜெர்மனியிலிருந்து வந்து வால்தம்ஸ்டோவில் எங்கள் சிறிய வீட்டு விற்பனை நிலையத்தைத் தொடங்கியவர். சீன மொழியில் 'நாலு' என்பது சாவைப் போல ஒலிக்கும் என்பதால் நாலாம் இலக்க வீட்டை ஒருமுறை ஒரு சீனர் வேண்டாம் என்றார். நான் சிரித்தேன். "நீ ராகுகாலத்தில புதுவீட்டுத் திறப்பைக் கையில வாங்குவியோ?" என்று சீறினார் அக்கா.

எங்களிடம் விற்கத் தந்த நடராசா ஐயாவின் வீடு விலைப்பட்ட நாளைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பாரிசவாதம் வந்த அவருடைய மனைவிக்குப் படியேற ஏலாது. லூயிஷாமில் கீழ்த்தள வீடொன்று பார்த்து வைத்திருந்தார். அன்று தன் வீட்டு ஒப்பந்தம் முடியாவிட்டால் அந்தக் கீழ்த்தள வீடு வேறொருவருக்குப் போய்விடும். வாங்க வந்தவர் மெய் என்ற சீனப் பெண். சீனாவிலிருந்து வந்திருந்த அவருடைய தகப்பன் தலையசைத்தால்தான் கையெழுத்து. கிழவர் அறையறையாக நடந்தார், இன்னும் தலையசைக்கவில்லை.

அப்போது ஐயா மினுங்கும் தாள் சுற்றிய பார்சலோடு வந்தார். "புதுவீடு குடிபூரலுக்கு எங்கட சின்னப் பரிசு" என்றார். உள்ளே டிக் டிக் என்றது. சுவர் மணிக்கூடு. மனிதர் பற்றரியும் போட்டே கொண்டுவந்திருந்தார்! எங்கள் ஆட்களின் குடிபூரல் எதில் மணிக்கூடு இல்லை? ஆனால் சீன மொழியில் 'மணிக்கூடு கொடுப்பது' என்றால் சாகிறவரைக் கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்து வழியனுப்புவது போல ஒலிக்கும்.

அக்கா பலமாக இருமிக்கொண்டு பாய்ந்து போனார். "ஐயா, எனக்கெண்டு வாங்கினதை ஏன் அவையளிட்ட நீட்டுறியள்?"

"இல்லைப் பிள்ளை, இது..."

"ஓம், எனக்குத்தான். இஞ்ச தாங்கோ."

பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கிழவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். மெய் பேனாவை எடுத்தார்.

"உங்களுக்குப் பயமில்லையோ, அக்கா?" என்று காருக்குள் கேட்டேன். "எனக்கு மணிக்கூடு மணிக்கூடுதான். பயப்பிடுற ஆக்களிட்டை அது போகாமல் பாக்கிறதுதான் எங்கட வேலை" என்றார். அதை அலுவலகச் சுவரில் தன் கதிரைக்கு மேலேயே மாட்டினார்.

அக்காவின் செத்தவீடு முடிந்தபின் மெய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மணிக்கூட்டைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது. அன்று தகப்பனுக்கும் அந்த டிக் டிக் கேட்டதாம். "இந்தப் பெண் நமக்கு வந்ததைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இவளை நம்பிக் கையெழுத்துப் போடு" என்றாராம்.

"உங்கள் அக்கா மணிக்கூடு தந்தவருக்குப் பதிலுக்கு ஒரு நாணயம் கொடுத்தாரா?" என்று மெய் கேட்டார். கொடுத்தால் அது பரிசில்லை, வெறும் வியாபாரமாகிவிடுமாம், தோஷம் ஒட்டாதாம். அக்கா கொடுக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அன்று ஒரு நாணயம் கொடுத்திருக்கலாமே என்று பட்டது.

அந்த மணிக்கூடு இப்போது என் வீட்டில் ஓடுகிறது. அக்காவின் மகனுடைய கையில் ஒரு நாணயத்தை வைத்துத்தான் வாங்கி வந்தேன்.